எங்கள் கூட்டாளிகள்

காரைக்குடி செக்காலை ரோட்டில்
மருந்துக்கடை மாடி.
நாலு மெஷின், ஒரு வெட்டுமேசை, ஒரு லேப்டாப்.
அளவு அனுப்பினால் ஜாக்கெட் வரும்.
அதுதான் கடை.

தளம் செய்து தந்த கோட்டையூர்ப் பையன்
அடியில் பொடி எழுத்தில்
தனியுரிமைக் கொள்கை என்று ஒன்றை ஒட்டிவைத்தான்.
இங்கிலீஷில் ஒன்பது பக்கம்.
"எல்லாரும் போடுறதுதான்க்கா,
யாரும் படிக்க மாட்டாங்க."
நானும் படிக்கவில்லை.

கழுத்து நிரப்புவார்கள், தோள் நிரப்புவார்கள்,
கை நீளம், கைச் சுற்று,
மார்புச் சுற்று என்ற கட்டம் வந்ததும்
காணாமல் போவார்கள்.
நூறு பேரில் அறுபத்தெட்டுப் பேர்.
விலைதான் போலும் என்று ஐம்பது ரூபாய் குறைத்தேன்.
கூரியர் இலவசம் என்றேன்.
பட்டனை மஞ்சளாக்கினேன், பிறகு சிவப்பாக்கினேன்.
அதே கட்டம் வரை வந்து
அதே கட்டத்தில் திரும்பினார்கள்.

புரட்டாசியில் ஒரு மடல்.
ஓசூரிலிருந்து, சௌதாமினி.
"இடப்பக்கம் எனக்கு அளவு இல்லை.
அறுவை முடிந்து பதினாலு மாதம்.
இதை நான் எழுதினால் யார் யார் பார்ப்பார்கள்?
நாலாம் பக்கத்தில்
'எங்கள் கூட்டாளிகளோடு பகிர்வோம்' என்று இருக்கிறது.
உங்கள் கூட்டாளிகள் யார்?"

அன்று ராத்திரி
ஒன்பது பக்கமும் படித்தேன், அகராதியோடு.
கலிபோர்னியாவில் குடியிருப்போருக்கு ஏழு பத்தி.
கழனிவாசலுக்கு ஒரு வரி இல்லை.
ஆறாம் பக்கத்தில் மாற்ற மறந்த ஒரு பெயர்:
ஏதோ நாய்த்தீனிக் கம்பெனி.
என்னை நம்பி வந்தவர்களின் மார்பளவை
அந்தக் கம்பெனி பத்திரமாய்க் காப்பதாக
இரண்டு வருடமாய் வாக்குக் கொடுத்திருக்கிறது.

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது.

தைத்து முடித்த அளவுச் சீட்டுகளைக்
கட்டுக்கட்டாய்க் கீழே கொடுத்துவிடுவோம்,
மருந்துக்கடையில் மாத்திரை மடிக்க.
பேரேட்டை இரும்புப் பெட்டியில் பூட்டும் ஊரில்
பெயரோடு, இடுப்போடு,
காய்ச்சல் மாத்திரை சுற்றி
எத்தனை வீடு போனார்களோ.

இன்னொன்றும் நினைவு வந்தது.
சித்திரையில் நகைக்கடன் கம்பெனி ஆள் ஒருவர்.
"நம்பருக்கு ரெண்டு ரூபா.
லேடீஸ் நம்பர்னா மூணு."
என்னிடம் நாலாயிரத்து இருநூறு நம்பர்.
மனசுக்குள் பெருக்கினேன்.
வேண்டாம் என்று சொல்லவில்லை.
பார்க்கலாம் என்றேன்.
அவர் அட்டை இன்னும் லேப்டாப்புக்கு அடியில்,
ஆடாமலிருக்க மடித்துச் சொருகியபடி.

மறுநாள் ஒன்பது பக்கத்தையும் எடுத்துவிட்டேன்.
தமிழில் எழுதினேன்:

உங்கள் அளவைப் பார்ப்பவர்கள் நாலு பேர்.
வெட்டுகிற ராக்கு. தைக்கிற சகாயமேரி, ஹமீதா.
கணக்கு எழுதுகிற நான், அன்னபாக்கியம்.
கூரியர்காரருக்கு விலாசம் மட்டும்.
தைத்த மறுநாள் சீட்டை எரிப்போம்.
முன்பு எரிக்கவில்லை, தவறு.
உங்கள் நம்பரை விற்க மாட்டோம்.
ஒருவரிடம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.
இனிமேல் சொல்ல மாட்டேன்.

"கடைசி ரெண்டு வரியை எடுங்கக்கா,
இருக்கிற ஆளும் ஓடிரும்" என்றான் பையன்.
எடுக்கவில்லை.
பதினோரு பேர் ஓடினார்கள்.
"எங்கள் விவரத்தை அழியுங்கள்" என்றார்கள், அழித்தேன்.
ஒருத்தி திட்டியும் எழுதினாள். நியாயம்.

ஐப்பசியில் அறுபத்தெட்டு
நாற்பத்தொன்பது ஆனது.
தீபாவளியா, அந்த வரிகளா, தெரியாது.
பையன் தீபாவளி என்கிறான்.

கார்த்திகை மூன்றாம் நாள் ஓசூர் ஆர்டர்.
மாம்பழ மஞ்சள், முழங்கை வரை கை.
மார்புச் சுற்று முப்பத்தொன்றரை.
குறிப்பு என்ற கட்டத்தில்
"இடம் இல்லை. உங்களுக்குத் தெரியும்."

அளவை உரக்க வாசித்துத்தான்
வெட்டுவாள் ராக்கு.
மெஷின் சத்தத்தை மீறி
மாடிப்படி வரை கேட்கும்.
இன்று சீட்டைப் பார்த்தாள்,
மேசையில் கவிழ்த்து வைத்தாள்.
துணியை இரண்டாய் மடித்து
உள்பக்கம் இடப்புறம் விரலை வைத்து
இங்கே ஒரு பை வைக்கட்டுமா என்று
கண்ணால் கேட்டாள் என்னிடம்.